போட்டி நடனத்தில் ‘லத்தீன்’ என்றால் எந்த ஊர்?

கேள்வி இதுதான்: பால்ரூம் போட்டிகளில் லத்தீன் பிரிவு என்று சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய ஐந்தை ஆடுகிறார்கள். உலகம் முழுக்க ஆடும் சல்சாவும் அர்ஜென்டினாவின் டாங்கோவும் ஏன் இதில் இல்லை? அமெரிக்க ஆட்டமான ஜைவ் மட்டும் எப்படி உள்ளே வந்தது? ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது? புதிதாகக் கற்பவர் எதில் தொடங்கலாம்?

முதலில் ‘லத்தீன்’ என்ற பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். அலமாரித் தட்டில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுபோல லண்டன் நடன ஆசிரியர்கள் ஒட்டிய பெயர் அது. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் போல ஜோடி விலகாமல், நெஞ்சோடு நெஞ்சாக நின்று ஆடுபவை ஒரு தட்டுக்குப் போயின. அங்கே அடங்காத, இடுப்பும் தாளமும் முன்னே நிற்கிற ஆட்டங்கள் இன்னொரு தட்டுக்கு வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த இரண்டாவது தட்டில் என்னென்ன வந்து சேர்ந்ததோ, அதுதான் இன்றைய ஐந்து.

ஊர் கேட்டால் சாம்பா பிரேசில். ரும்பாவும் சா-சா-சாவும் கியூபா. பாசோ டோப்ளேயின் இசை ஸ்பெயினுடையது, அடவுகள் பிரான்சில் உருவானவை. ஜைவ் நியூயார்க்கின் ஹார்லெமில் வேர்விட்டது. பாசோ டோப்ளேயைத் தவிர மற்ற நான்கையும் இணைக்கிற கோடு ஒன்று உண்டு. அது ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம் கியூபாவில் ஒரு விதமாகவும் பிரேசிலில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் வேறொரு விதமாகவும் முளைத்தது. வகுப்புகளில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடவுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். ஏனென்றால் இந்த நான்கையும் சரியாக ஆட வேண்டுமானால், தரையை எப்படி மிதிக்கிறோம், எடையை எப்படிக் கீழே இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அறிவு அவர்களிடமிருந்து வந்தது.

ரும்பாவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரிய சண்டை நடந்தது அங்கேதான்.

கியூபாவில் ‘ரும்பா’ என்று சொன்னால் போட்டி மேடையில் நாம் பார்க்கும் மெதுவான காதல் நடனத்தை யாரும் நினைக்க மாட்டார்கள். ஹவானாவிலும் மாத்தான்சாஸிலும், கறுப்பின உழைப்பாளர்கள் வாழ்ந்த குடியிருப்பு முற்றங்களில் வளர்ந்த ஆட்டம் அது. மேளம், குரல், கட்டையோடு கட்டை தட்டும் சத்தம், அவ்வளவுதான் இசை. அதில் மூன்று வகை உண்டு. யாம்பூ நிதானமானது. குவாகுவாங்கோவில் ஆண் சீண்டுவான், பெண் பாவாடையை வீசித் தடுத்து நழுவுவாள். கொலும்பியா பெரும்பாலும் ஆண்கள் தனித்தனியாக வந்து மேளக்காரரோடு மோதுவது. 2016-இல் யுனெஸ்கோ இந்த ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

போட்டி ரும்பா வந்த வழி வேறு. கியூபாவின் சோன், பொலேரோ என்ற இசை வகைகளும் அவற்றுக்கு ஜோடியாக ஆடிய ஆட்டமும்தான் அதற்கு அடிப்படை. 1930-இல் டான் அஸ்பியாசூவின் இசைக்குழு ‘எல் மானிசெரோ’ என்ற பாட்டை நியூயார்க்கில் பதிவு செய்தது. தெருவில் வேர்க்கடலை விற்பவனின் கூவலை வைத்து மொய்சேஸ் சிமோன்ஸ் அமைத்த பாட்டு அது. இசையின்படி அது சோன். ஆனால் அமெரிக்காவில் ‘ரும்பா’ என்ற பெயரில் புகழ் பெற்றது. அந்த அலையில் கியூபாவிலிருந்து வந்ததெல்லாம் ரும்பாவாகிவிட்டது.

அந்தக் காலத்து லண்டனில் மான்சியர் பியேர் என்று எல்லோரும் அழைத்த ஒரு பிரெஞ்சு ஆசிரியர் இருந்தார். அவருடைய நடனத் துணை டாரிஸ் லாவெல். அப்போது பரவலாகக் கற்பிக்கப்பட்டது அமெரிக்காவிலிருந்து வந்த ‘சதுர ரும்பா’. பாதம் தரையில் ஒரு பெட்டி வரையும். முதல் பீட்டில் அடி விழும். 1947-இல் பியேர் நேராக ஹவானாவுக்கே போனார். அங்கே நல்ல ஆட்டக்காரர்கள் பெட்டி எதுவும் போடவில்லை. முன்னும் பின்னும் போய் வந்தார்கள். திசை மாற்றும் அடி இரண்டாவது பீட்டில் விழுந்தது. ஊருக்குத் திரும்பியதும் இதுதான் உண்மையான முறை என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பல வருடங்களாகச் சதுரம் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் சும்மா விடுவார்களா? இழுபறி வருடக்கணக்கில் நீண்டது. ‘ரும்பா போர்’ என்றே அதற்குப் பெயர். கடைசியில் 1950-களின் நடுவில் கியூபா முறையே அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. அமெரிக்கப் பாணிப் போட்டிகளில் இன்றும் பெட்டி ரும்பா உயிரோடு இருக்கிறது.

அந்த மாற்றத்தில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எண்ணிப் பாருங்கள்: இரண்டு, மூன்று, நான்கு... ஒன்று. நான்காவதில் வைத்த அடி அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் பீட் முடியும்வரை நீள்கிறது. இசையில் பலமாக விழுகிற ‘ஒன்று’ பாதத்துக்குக் கிடையாது. அதை முழுசாக இடுப்பு எடுத்துக்கொள்கிறது. ரும்பாவின் மயக்கம் அந்த ஒரு பீட்டில் இருக்கிறது.

நடையை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். பின்னங்கால் நீண்டு நிற்கிறது, கட்டைவிரலின் உள்விளிம்பு தரையை அழுத்துகிறது. அந்தக் கால் முன்னே வரும்போது தூக்கப்படுவதில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. எடை அதன் மேல் ஏறுகிற நேரத்தில் முழங்கால் நேராகிறது. அதற்கு அப்புறம்தான் இடுப்பு பக்கவாட்டில் போய், பின்னால் சுழன்று, உட்காருகிறது. இடுப்பை யாரும் ஆட்டுவதில்லை. கால் சரியாக நேரானால் இடுப்பு தானாகப் போகும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதல் ஆறு வாரம் இந்த நடையைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை போவது, திரும்பி வருவது, அவ்வளவுதான். நான்காவது வாரம் ஒரு நாள் அவர் என் வலது முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து, “இது இன்னும் மடங்கியிருக்கிறது, அதனால்தான் இடுப்பைத் தள்ளுகிறாய்” என்றார். நேராக்கினேன். தள்ளாமலே இடுப்பு நகர்ந்தது. அன்றைக்குத்தான் ரும்பா எனக்குப் புரிய ஆரம்பித்தது.

நேரான கால், வெளிநோக்கித் திருப்பிய பாதம் போன்றவற்றை அளவெடுத்து எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேயச் சாம்பியன் வால்டர் லேர்ட். கியூபாவில் யாரும் இப்படிப் பூட்டிய முழங்காலோடு ஆடுவதில்லை. இது பெரிய கூடத்தில், தூரத்தில் நிற்கும் நடுவருக்கும் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற தேவையில் வளர்ந்த கலை. இதைக் கலப்படம் என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. தனியாக ஒரு கலையாக வளர்ந்துவிட்டது. அதற்குரிய அழகும் கடுமையும் அதற்கு உண்டு. ஆனால் கியூபாக்காரர் அதைப் பார்த்து “இது எங்கள் ரும்பா இல்லையே” என்றால் அவர் சொல்வதும் உண்மைதான்.

சா-சா-சாவின் பிறப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லலாம். என்ரிக்கே ஹோரின் என்ற கியூப வயலின் கலைஞர், ஆர்கெஸ்ட்ரா அமெரிக்கா என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். மாம்போ என்ற கியூப ஆட்டத்தின் எதிர்த்தாளத்தில் ஆட்டக்காரர்கள் தடுமாறுவதைக் கவனித்தார். டான்சோன் என்ற பழைய கியூப இசையிலிருந்து, தாளத்தை எளிமையாக்கி, மெட்டின் அழுத்தம் பீட்டிலேயே விழும்படி எழுதிப் பார்த்தார். 1953-இல் பதிவான ‘லா எங்கானியாதோரா’ அப்படி வந்ததுதான். மக்கள் ஆடியபோது மூன்று சிறிய அடிகள் சேர்ந்து விழுந்தன. காலணிகள் தரையில் உரசிய அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் மீண்டும் கியூபா போன பியேரும் லாவெலும் இந்தக் கூடுதல் அடிகளைக் கொண்டுவந்து லண்டனில் தனி நடனமாகக் கற்பித்தார்கள்.

எண்ணிக்கை இரண்டு, மூன்று, நான்கு-அண்ட்-ஒன்று. கடைசி மூன்றும்தான் ‘சா-சா-சா’. புதியவர்கள் பெரும்பாலும் ‘ஒன்று, இரண்டு, சா-சா-சா’ என்று ஒன்றில் தொடங்கிவிடுவார்கள். பிறகு முழுப் பாட்டும் ஒரு பீட் தள்ளியே ஓடும். ஃபேன், அலேமானா, நியூயார்க், ஹாக்கி ஸ்டிக் போன்ற அடவுகள் ரும்பாவுக்கும் இதற்கும் பொது. ஹாக்கி ஸ்டிக் என்பது பெண் நடந்து போகும் பாதை ஹாக்கி மட்டைபோல வளைவதால் வந்த பெயர். நிமிடத்துக்கு ரும்பா 25 முதல் 27 ஆவர்த்தனம், சா-சா-சா 30 முதல் 32. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அதே நேரத்துக்குள் இரண்டு அடி கூடுதலாக வைக்க வேண்டும் என்பதால் கால் அதே கால்தான், குணம் முற்றிலும் வேறு. ரும்பா ஏங்கும், சா-சா-சா குறும்பு பண்ணும்.

சாம்பாவுக்கு வருவோம். பையா மாநிலத்தில் வட்டமாக நின்று கைதட்டி, நடுவில் ஒருவர் ஆடும் சாம்பா தெ ரோடா என்ற ஆட்டம் இதன் வேர்களில் ஒன்று. அடிமை முறை ஒழிந்த காலத்தில் பையாவிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். ரியோவில் சியாட்டா அத்தை என்று எல்லோரும் மதித்த ஒரு பையாப் பெண்மணியின் வீட்டில் இசைக்காரர்கள் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டோங்கா 1916-இல் பதிவு செய்த ‘பெலோ டெலெஃபோனே’ பாட்டைத்தான் சாம்பா என்ற பெயரோடு பெரும் புகழ் பெற்ற முதல் பாட்டாகச் சொல்கிறார்கள். பிறகு ஹாலிவுட் படங்களும் பாடகியும் நடிகையுமான கார்மென் மிராண்டாவும் அதை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

போட்டிச் சாம்பாவை ரியோ திருவிழாவில் பார்க்க முடியாது. அங்கே தனியாக, கால்களில் அதிவேகமாக ஆடுவது ஒரு வகை. ஜோடியாக ஆடும் காஃபியேரா இன்னொரு வகை. போட்டியில் ஜோடி கூடத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே ஆட வேண்டும். ஐந்தில் இப்படிச் சுற்றி நகர்பவை சாம்பாவும் பாசோ டோப்ளேயும்தான். ஆனால் பிரேசிலின் நினைவு அடவுகளின் பெயரில் மிச்சமிருக்கிறது. போட்டாஃபோகோ ரியோவில் ஒரு பகுதியின் பெயர். கோர்ட்டா ஜாக்கா என்றால் போர்த்துகீசிய மொழியில் பலாப்பழம் வெட்டுவது. அந்த ‘ஜாக்கா’ மலையாளச் ‘சக்க’ போர்த்துகீசியர் வாயில் மாறியது. கன்னியாகுமரிப் பக்கம் இன்றும் பலாவைச் சக்கை என்றுதான் சொல்வார்கள். நம் கரையிலிருந்து கப்பலேறிய ஒரு சொல் பிரேசில் போய், லண்டன் போய், ஒரு நடன அடவாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல்முறை இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐந்தில் கடினமானது எது என்று கேட்டால் நான் சாம்பாவைச் சொல்வேன். காரணம் அதன் துள்ளல். ஒரு பீட்டில் முக்கால் பங்கு ஓர் அடி, மீதிக் கால் பங்குக்குள் இன்னோர் அடி, அடுத்த பீட்டு முழுக்க மூன்றாவது அடி. இந்த முக்கால்-கால் கணக்கோடு முழங்காலும் கணுக்காலும் மடங்கி நிமிர வேண்டும். ஆனால் தலை மேலும் கீழும் குதிக்கக் கூடாது. போதாததற்கு, எல்லா அடவுக்கும் ஒரே கணக்கும் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது தாளம் நழுவிவிடும்.

பாசோ டோப்ளே மற்ற நான்கோடும் சேராத பிள்ளை. ஸ்பெயினில் காளைச் சண்டை வீரர்கள் அரங்குக்குள் நுழையும்போது வாசிக்கும் அணிவகுப்பு இசை அது. அதற்கு நடனம் அமைத்துப் பரப்பியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதனால்தான் சுர் ப்ளாஸ், அப்பெல், ஷாஸே என்று பெயர்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. ஆண்தான் காளைச் சண்டை வீரன். பெண் பெரும்பாலும் அவன் கையில் இருக்கும் துணி; சில சமயம் காளை, சில சமயம் இன்னொரு வீரன். இடுப்பு ஆடாது. நெஞ்சு உயர்ந்து, இடுப்பெலும்பு முன்னே தள்ளி, முன்னேறும் அடி குதிகாலில் விழும். அப்பெல் என்பது முழுப் பாதத்தையும் தரையில் ஓங்கி வைப்பது. காளையைக் கூப்பிடும் அடி அது.

போட்டிகளில் பல காலமாக ஒலிப்பது பஸ்குவால் மார்க்கினா அமைத்த ‘எஸ்பானியா கானி’. அதில் இசை ஏறி ஏறி உச்சத்தில் சட்டென்று நிற்கிற இடங்கள் எல்லா ஆட்டக்காரருக்கும் மனப்பாடம். இறுதிச் சுற்றில் ஆறு ஜோடி ஆறு விதமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த உச்சம் வந்ததும் கூடம் முழுக்க ஆறு ஜோடியும் ஒரே நொடியில் சிலையாக நிற்பார்கள். பார்வையாளர்கள் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பார்கள். நேரில் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

ஜைவ் எப்படி வந்தது? 1926-இல் ஹார்லெமில் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தரையில் ஆடினார்கள். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரண விஷயம் அல்ல. அங்கே ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு வளர்ந்த ஆட்டம் லிண்டி ஹாப். ஜிட்டர்பக் என்றும் அதைச் சொல்வார்கள். ஃபிராங்கி மானிங் போன்றவர்கள் துணையைத் தூக்கி வீசும் ஆட்டங்களை அதில் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேய நடனக்கூடங்கள் சிலவற்றில் ‘ஜிட்டர்பக் ஆடக்கூடாது’ என்று பலகை மாட்டினார்கள். இளைஞர்கள் கேட்கவில்லை. ஆசிரியர்கள் அதன் தூக்கல்களை வெட்டி, ஓரிடத்தில் நின்று ஆடும்படி சுருக்கி, ஜைவ் என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1968-இல் அது ஐந்தாவது நடனமாகச் சேர்ந்தது. வால்ட்ஸ் தட்டில் அதற்கு இடமில்லை. இந்தத் தட்டில் இருந்தது. காரணம் அவ்வளவு எளிமையானது.

ஜைவ் நிமிடத்துக்கு 42 முதல் 44 ஆவர்த்தனம், அதாவது 170 பீட்டுக்கு அக்கம்பக்கம். அதையும் வழக்கமாகக் கடைசியில் வைப்பார்கள். நான்கு நடனம் ஆடி மூச்சு வாங்கும் நேரத்தில் முழங்காலைத் தூக்கி உதைக்க வேண்டும், அதோடு சிரிக்கவும் வேண்டும்.

இப்போது டாங்கோ. அது முதல் உலகப் போருக்கு முன்பே பாரிஸ் வழியாக ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டது. ‘லத்தீன்’ என்ற தட்டே அப்போது இல்லை. 1920-களில் ஆங்கிலேய ஆசிரியர்கள் நடனங்களை ஒழுங்குபடுத்தியபோது, நெருக்கமாக நின்று ஆடுவது என்பதால் டாங்கோ வால்ட்ஸோடு சேர்ந்துவிட்டது. தலையை வெடுக்கென்று திருப்பும் பாணி அதற்கு அப்புறம் ஐரோப்பாவில் ஒட்டிக்கொண்டது. புவனோஸ் ஐரிஸில் அப்படி ஆடமாட்டார்கள். சல்சாவின் கதை நேர் எதிர். கியூபாவின் சோனும் மாம்போவும் நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ, கியூபா நாட்டு இசைக்காரர்கள் கையில் மாறி ‘சல்சா’ என்ற பெயரில் பெருகியது 1960-களின் இறுதியிலும் 1970-களிலும். அதற்குள் இங்கே ஐந்தும் நிரம்பி, பாடத்திட்டம் அச்சாகி, தேர்வுகள் நடக்கத் தொடங்கிவிட்டன. சல்சாவுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தனக்கென்று போட்டிகளும் கூடங்களும் வைத்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. இறுதிச் சுற்றுக்குப் பல காலமாக இருப்பது ‘ஸ்கேட்டிங்’ என்ற முறை. அதில் மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை, பெரும்பான்மை பார்க்கிறார்கள். ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு ஜோடிக்கு முதலிடமும், மற்ற இருவர் நான்காவது, ஐந்தாவது இடமும் கொடுத்தால்கூட அந்த ஜோடிதான் வெல்லும். மூன்று இரண்டாமிடமும் இரண்டு முதலிடமும் வாங்கிய ஜோடி, கூட்டிப் பார்த்தால் முன்னே இருந்தாலும், இரண்டாவதுதான். முடிவு அறிவித்ததும் கூடத்தில் எழும் முணுமுணுப்பில் பாதிக்கு இதுதான் காரணம்.

எதில் தொடங்குவது? பெரும்பாலான வகுப்புகள் சா-சா-சாவில் தொடங்கும். பாட்டு உற்சாகமாக இருக்கும், முதல் நாளே ஏதோ ஆடிவிட்ட திருப்தி கிடைக்கும் என்பதால். அதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் தினமும் பத்து நிமிடம் ரும்பா நடை பழகுங்கள். இரண்டு மாதத்தில் சா-சா-சாவும் தானாகச் சரியாகும். சாம்பாவை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். காலணி வாங்க அவசரம் வேண்டாம். வாங்கும்போது அடிப்பகுதி மெல்லிய ஸ்வேட் தோலா என்று பாருங்கள். ரப்பர் அடி தரையில் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். அந்த ஸ்வேட்டோடு தெருவில் ஒரு அடிகூட நடக்காதீர்கள். கம்பித் தூரிகை ஒன்றும் பையில் இருக்கட்டும், தோல் வழவழப்பானதும் உரசிக்கொள்ள.